க-மூன்றின் மேல் ஒரு புகார்

பல்லுக்காரரின் ஆல்பத்தில் படகுப் படம் போட்ட பழைய காசுக்கென்று ஒரு பக்கம், அதில் வருஷத்துக்கு ஒன்றாக எட்டுக் குழிகள். ஏழில் காசு உட்கார்ந்திருக்கிறது. எட்டாவது காலி. அந்த எட்டாவது காசு அவரிடம் இருக்கத்தான் இருக்கிறது. மேஜை இழுப்பறையில், மடித்த பஸ் டிக்கெட் ஒன்றுக்குள் கிடக்கிறது. எடுத்துக் குழியில் வைக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் மனுஷனுக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லப் போனால் அவருடைய கதையையே சொல்ல வேண்டியிருக்கும்.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வேலை. மெழுகில் பல்லைச் செதுக்குவார், அதைச் சுற்றி அச்சு மாவைக் கரைத்து ஊற்றி இறுக வைப்பார், மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார். ஊற்றும்போது ஒரே ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் போச்சு, பல்லின் மேல் ஊசிமுனையளவு ஒரு குழி விழுந்துவிடும். அந்தக் குழியைத் தேடித் தேடியே கண் பழகிப்போனது. பட்டறையில் மற்றவர்கள் மூன்று தடவை பார்த்தும் கண்டுபிடிக்காததை இவர் நடந்து போகிறபோக்கில் சொல்லிவிடுவார்.

பழைய காசு சேர்க்கும் பழக்கம் வந்தபோது அந்தக் கண் அங்கேயும் கூடவே வந்தது. அசல் காசு அடித்துச் செய்தது. போலிக் காசு பெரும்பாலும் வார்த்துச் செய்தது. வார்த்ததில் குமிழிக் குழி இருக்கும், விளிம்பில் ஒட்டுக் கோடு இருக்கும், எழுத்து சோப்பு கரைந்தமாதிரி மொழுக்கென்று இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'இது வார்ப்பு' என்று இரண்டே வார்த்தையில் குழுவில் எழுதுவார். காசு சேர்ப்பவர்களின் அந்த இணையக் குழுவில் நானூறு பேர். அவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் 'லென்ஸ்'. லென்ஸ் சரி என்றால் சரி, லென்ஸ் தப்பு என்றால் அந்தக் காசை நாய்கூட முகர்ந்து பார்க்காது. பெயர் வந்தால் தலையும் கொஞ்சம் கனக்கும் அல்லவா? அவருக்கும் கனத்தது.

அவர் மனைவி துணிக்கடையில் அளவெடுத்து வெட்டித் தைப்பவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் எத்தனை, இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவாள். கணவரைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷன், ஆளை வெறுங்கண்ணால்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம். அவள் கேலியாகத்தான் சொல்வாள், அவரும் சிரித்துக்கொள்வார்.

இனி அந்த ஏலத்துக்கு வருவோம். அவர்கள் எல்லோரும் காசு வாங்குவது ஓர் இணைய ஏலத் தளத்தில். விற்பவர் படம் போடுவார், ஒரு வாரம் ஓடும், கடைசி நிமிஷத்தில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்குக் காசு. ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 'இவ்வளவு வரை போவேன்' என்று உச்சத் தொகையை ரகசியமாக எழுதி வைத்துவிட்டால், எதிராளி ஏற்றும்போது தளமே தேவையான அளவு மட்டும் நமக்காக ஏற்றிக்கொள்ளும். கேட்பவர்களின் பெயர் வெளியே தெரியாது. முதல் எழுத்தும் கடைசி எண்ணும்தான் காட்டும், நடுவில் நட்சத்திரங்கள்.

விற்பவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் பையில் விழுந்த வினோதக் காசையெல்லாம் தன் சொந்தக் காசைப் போட்டு மாற்றி எடுத்து வைத்திருந்தவர். வயதாகிவிட்டது, இனி பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் நாலு மணிக்கு அவருடைய ஏலம் முடியும். பல்லுக்காரர் தேடிய படகுக் காசுகள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வந்தன.

அந்த ஏலங்களில் ஒருத்தர் விடாமல் குறுக்கே வந்துகொண்டிருந்தார். க என்று தொடங்கி 3 என்று முடிகிற பெயர். பல்லுக்காரர் மனசுக்குள் க-மூன்று என்று வைத்துக்கொண்டார். இவர் உச்சத் தொகையை எழுதிவிட்டுப் பட்டறையில் பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பார். க-மூன்று பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே வரும். கடைசியில் இவர்தான் ஜெயிப்பார், ஆனால் முந்நூறுக்குக் கிடைக்க வேண்டிய காசுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் அழ வேண்டியிருக்கும். யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எரிச்சல் வந்ததும் சந்தேகமும் வந்தது. விற்பவரே வேறொரு பெயரில், அல்லது தனக்கு வேண்டியவரை விட்டு, விலையை ஏற்றிவிடுவது இந்த உலகத்தில் புதிதல்ல. பல்லுக்காரர் பழைய ஏலங்களைத் தோண்டினார். க-மூன்று நாற்பத்தொரு ஏலத்தில் கேட்டிருந்தது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கண்டக்டரின் ஏலத்தைத் தவிர வேறு எங்கேயும் கேட்கவில்லை. விற்பவரும் க-மூன்றும் ஒரே ஊர் என்று தளம் காட்டியது. ஏற்றும் விதம்தான் எல்லாவற்றையும்விட மோசம். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பிறகு ஒரே நிமிஷத்தில் நாலைந்து பத்துகள் மடமடவென்று விழும், மறுபடி மௌனம். எதிராளியின் ரகசிய உச்சம் எங்கே என்று தட்டித் தட்டிப் பார்க்கிற கள்ளக் கேட்பாளரின் வழக்கமே அதுதான். தொள்ளாயிரம் வந்ததும் நின்றுவிடும், ஆள் மாட்டிவிட்டான் என்று தெரிந்ததும் விலகிக்கொள்கிறமாதிரி. குமிழிக் குழி, ஒட்டுக் கோடு, மொழுக் எழுத்து, மூன்றும் சேர்ந்து இருக்கிறது என்று பல்லுக்காரர் தீர்மானித்துவிட்டார்.

இதுவரை அவர் செய்ததில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு செய்ததுதான் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்கவிடாமல் தொண்டையில் நிற்கிறது.

எட்டாவது படகுக் காசு, அவரிடம் இல்லாத அந்த ஒரே வருஷம், ஏலத்துக்கு வந்தது. இவர் உச்சமாக ஆயிரத்து நானூறு எழுதி வைத்தார். சனிக்கிழமையே க-மூன்று தொள்ளாயிரம் வரை ஏற்றிவிட்டது. தளம் இவருக்காகத் தொள்ளாயிரத்துப் பத்தில் நின்றது. மூன்றாவதாக வேறு யாரோ ஒருவர் முந்நூறில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஏலம் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, பல்லுக்காரர் தன் ஆதாரங்களை எல்லாம் அடுக்கித் தளத்துக்குப் புகார் அனுப்பினார். நம்பகமான உறுப்பினர் என்று முத்திரை பெற்றவர் புகார் கொடுத்தால் தளம் முதலில் சந்தேகப்பட்ட ஆள் கேட்ட விலைகளை நீக்கிவிடும், விசாரணை எல்லாம் பிறகுதான். அது அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அரை மணியில் க-மூன்று கேட்ட விலைகள் மறைந்தன, விலை முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது, நாலு மணிக்குக் காசு அவருடையது.

ஒரு வாரத்தில் க-மூன்றின் கணக்கையும் கண்டக்டரின் கணக்கையும் தளம் மூடிவிட்டது. குழுவில் ஏகப்பட்ட பாராட்டு. காசும் வந்து சேர்ந்தது. முந்நூற்றுப் பத்துக்கு விற்க நேர்ந்தவர் வயிறெரிந்து ஏதாவது எழுதியிருப்பார் என்று பல்லுக்காரர் பயந்தபடியே உறையைப் பிரித்தார். பழைய பஸ் டிக்கெட்டில் அழகாக மடித்து வைத்திருந்த காசும், 'பத்திரமா பாத்துக்கோங்க' என்று நடுங்கின எழுத்தில் ஒரு வரியும் இருந்தன. அன்றைக்கு அதை ஆல்பத்தில் வைக்காமல் நாளைக்கு வைக்கலாம் என்று விட்டார். அந்த நாளை வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் குழுத் தலைவர் அவருக்கு ஒரு கடிதத்தை அனுப்பினார். க-மூன்று தளத்துக்கு முறையிட்டிருக்கிறது. குழுவில் நம்பகமான ஒருவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பரிசீலிக்கிறோம் என்று தளம் சொல்லியிருக்கிறது. கடிதத்தில் நாலு வரிதான். நாற்பத்தொரு தடவை தோற்றிருக்கிறேன், தோற்பது தப்பு என்று விதியில் எங்கேயும் எழுதவில்லையே, என்னால் அந்தப் பெரியவர் கணக்கையும் மூடிவிட்டார்கள், அவருடையதையாவது திறந்துவிடுங்கள் என்று இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள், பதில் போட வேண்டாம் என்று பல்லுக்காரர் சொல்லிவிட்டார்.

சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. ஒரே வாரத்தில் டாக்டர் இரண்டு பல்லைத் திருப்பி அனுப்பினார். இரண்டிலும் குமிழி. இருபத்தாறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. பட்டறையில் ஒருத்தன், அண்ணனுக்கே லென்ஸ் மாத்தணும் போலிருக்கு என்று கிண்டலடித்தான். வீட்டில் மனைவி, உடம்புக்கு என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை கேட்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறையின் பின்னால் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு, காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கண்டக்டரைப் பார்க்கப் போனார். போய் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. நேரில் பார்த்து, ஆள் திருட்டு முழி முழிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் ஒல்லியான கிழவர். ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறமாதிரி வீட்டுக்குள்ளும் காலை அகட்டி வைத்துத்தான் நின்றார். 'லென்ஸ்' என்ற பெயரில் காசு வாங்கினவர் என்று சொன்னதும் கிழவரின் முகம் மலர்ந்துபோனது. உள்ளே இழுத்து உட்கார வைத்து, டீ போட்டு, தன்னிடம் வாங்கினவர்களில் வீடு தேடி வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று இரண்டு தடவை சொன்னார். புகார் யார் கொடுத்தது என்று தளம் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு அதில் கோபம்கூட இல்லை. மருமகன் திறந்து கொடுத்த கணக்கு, மூடிவிட்டார்கள், எதிர்த்துக் கேட்க என்ன வழி என்று தெரியவில்லை, மிச்சம் இருந்த காசையெல்லாம் ஒரு கடைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன் என்றார்.

பேச்சை மாற்றுகிறமாதிரி, கள்ளத்தனமாக விலையேற்றினதாகச் சொன்னார்களே, அது யார் என்று பல்லுக்காரர் கேட்டார். கிழவர் சிரித்தார். அந்தப் பொண்ணை அதுவரை தனக்கும் தெரியாது, கணக்கை மூடின பிறகு விலாசத்தைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வந்தாள், வாசலில் நின்று அழுதே விட்டாள் என்றார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் வந்து, விற்றுப்போன காசுகளின் படத்தை அவர் போனில் பார்த்துவிட்டுப் போவாளாம். இப்போது வருகிற நேரம்தான் என்றார்.

பல்லுக்காரர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரிச் சீருடையின் மேல் ஒரு ஸ்வெட்டர், நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து நிமிராத முதுகு. இவர்தான் லென்ஸ் என்று கிழவர் சொன்னதும், உட்கார்ந்தவள் பெரிய மனுஷரைப் பார்த்தமாதிரி எழுந்து நின்றாள். தன்னை ஆறு தடவை ஜெயித்தவர் இவர்தான், யார் யார் வாங்கினார்கள் என்று கிழவர் சொல்லியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆறா என்று அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவளுடைய தோல்விகளை நாற்பத்தொன்று வரை எண்ணியவருக்கு, அதில் ஆறில் தோற்கடித்தது தானே என்பது ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

அவர் கேட்காமலே அவள் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு நோயாளி லிஃப்டில் ஒரு படகுக் காசைத் தவறவிட்டார், அவர் வீட்டுக்குப் போகும்வரை இரண்டு நாள் அது அவள் கையில் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டாள், அன்றிலிருந்து தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை. ஒன்று போதும். எந்த வருஷமானாலும் சரி. வேறு விற்பனையாளர்களிடம் கேட்காததற்குக் காரணம், கண்டக்டர் உள்ளூர்க்காரர், நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம், தபால் செலவு மிச்சம். உச்சத் தொகையை முன்னாலேயே எழுதிவைக்கப் பயம், முழுவதையும் சொல்லிவிட்டால் அதையே பிடுங்கிவிடுவார்களோ என்று. அதனால்தான் பத்துப் பத்தாக.

அந்தப் பத்துகள் ஒரேயடியாக நாலைந்து விழுமே, அது எப்படி என்று பல்லுக்காரர் கேட்டார்.

"லிஃப்ட்ல டவர் இருக்காது சார். நான் அமுக்கிட்டே இருப்பேன், ஒண்ணும் போகாது. மாடி வந்து கதவு திறந்ததும் எல்லாம் மொத்தமா போயிடும்."

தொள்ளாயிரத்தில் ஏன் நின்றாள் என்று அவர் கேட்கவில்லை. அவளிடம் தொள்ளாயிரம்தான் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள லென்ஸ் வேண்டுமா என்ன?

சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பிரித்து, காசை மேஜை மேல் வைத்தார். அவள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, விளிம்பைப் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விவரம் தெரிந்தவர் கைக்குத்தான் போயிருக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், உங்க குழுவுல லென்ஸ் எழுதிக் கொடுத்தா தளத்துல கேப்பாங்கன்னு சொன்னாங்க. நான் கள்ளக் கணக்கு இல்லன்னு ரெண்டு வரி எழுதித் தருவீங்களா? எனக்காக வேண்டாம். இவருக்காக."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, எழுதியும் கொடுத்துவிட்டு, நல்லவர் என்ற பெயரோடு படியிறங்கிப் போயிருக்கலாம். அந்த நினைப்பு அவருக்கு வந்தது, அதை இல்லை என்று சொல்வதற்கில்லை.

"அந்தப் புகாரை எழுதினதே நான்தாம்மா," என்றார்.

கிழவர் வாயருகே கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். பல்லுக்காரர் அவசர அவசரமாக, ஆதாரம் எல்லாம் அப்படி இருந்தது, யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும், இந்தக் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பணம் எதுவும் வேண்டாம் என்று கொட்டினார். அவள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சந்தேகம் வரும் சார், தப்பில்ல. எப்ப எழுதினீங்க? ஏலம் முடிஞ்சப்புறமா, முடியறதுக்கு முன்னாடியா?"

நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தவள். எந்த நேரத்தில் தான் கேட்ட விலைகள் மறைந்தன, எந்த நேரத்தில் விலை முந்நூற்றுப் பத்துக்கு விழுந்தது என்று அவளுக்கு நிமிஷத்தோடு ஞாபகம் இருந்தது. இந்த ஒரு கேள்வியைத்தான் பல்லுக்காரர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளாமல் இரண்டு மாதமாகத் தப்பித்து வந்திருந்தார்.

"முன்னாடி," என்றார்.

அவள் காசை மறுபடி டிக்கெட்டில் வைத்து, கிழவர் மடித்திருந்த அதே மடிப்பில் மடித்து, அவர் பக்கம் நகர்த்தினாள். பையை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிழவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. டீ ஆறுது, குடிங்க என்றார் கிழவர். பல்லுக்காரர் குடித்துவிட்டுத்தான் வந்தார், அது எப்படி உள்ளே இறங்கியதென்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி பண்ணவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, குழுவில் எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள், அதை விட்டுவிட்டால் எழுதியே பிரயோஜனமில்லை என்று மட்டும் சொன்னாள். எழுதினார். மதியம் ஒரு மணி, ஏலம் முடிய மூன்று மணி நேரம், உச்சம் ஆயிரத்து நானூறு, கிடைத்தது முந்நூற்றுப் பத்துக்கு என்று எல்லாம் எழுதினார். சிலர் பெருந்தன்மை என்றார்கள், அது அவருக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. சிலர் குழுவை விட்டே போனார்கள். நம்பகமானவர் என்ற முத்திரையைத் தளம் எடுத்துவிட்டது. இரண்டு கணக்குகளும் திறந்தன. கண்டக்டரிடம் விற்க ஒன்றும் இல்லை. குறைந்த விலைக்கு ஈடாகப் பல்லுக்காரர் அனுப்பிய மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு, கிழவர் பதிலுக்கு ஒரு வெறும் டிக்கெட்டை அனுப்பி வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பல்லுக்காரர் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு விற்பனையாளர் ஒரு படகுக் காசு போட்டிருந்தார், அந்த ஏலமும் நாலு மணிக்குத்தான் முடியும். சாதாரண வருஷம், விளிம்பு கொஞ்சம் தேய்ந்தது. பல்லுக்காரர் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றேகாலுக்குப் பத்து, பத்து, பத்து என்று மூன்று விழுந்தன. ஏதோ ஒரு மாடியில் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபடி மௌனம். மறுபடி நாலு பத்து. அதற்குள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இந்த க-மூன்று மேல எனக்கு டவுட்டா இருக்கு, பத்துப் பத்தா ஏத்துது, இப்பவே புகார் பண்ணிடலாமா, லென்ஸ் அண்ணே பாத்தீங்களா என்று கேட்டிருந்தார்.

பல்லுக்காரர் பதில் எழுதினார்: "ஏலம் முடியட்டும், பொறுங்க."

மூன்று ஐம்பத்தாறுக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு. ஐம்பத்தெட்டுக்குத் தொள்ளாயிரம். யாரோ தொள்ளாயிரத்துப் பத்து என்றார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் இன்னொரு மாடி வந்திருக்கும், கதவு திறந்திருக்கும். அடுத்த பத்து வரவில்லை. நாலு மணி ஆனது.